புறங்கையில் முளைத்த முடி

மலைமேல் நான் மழித்துப் போட்ட முடியெல்லாம் என் வலது புறங்கை வழியாகத் திரும்பி வருகிறது என்று ஒரு காலத்தில் நம்பினேன். ஏதோ ஒரு நிமிடம் தோன்றி மறைந்த நினைப்பு என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். உட்கார்ந்து யோசித்து, காரணமெல்லாம் கண்டுபிடித்து, முழுமனதாக நம்பினேன். நம்பியதால் பயந்தேன். பயந்ததால் வேண்டிக்கொண்டேன். வேண்டிக்கொண்டதால், ஊருக்கெல்லாம் மொட்டை போட்டவன் நானே போய்த் தலையைக் குனிந்து உட்கார்ந்தேன். சிரிக்கிறவர்கள் சிரித்து முடித்துவிட்டு வாருங்கள். அவசரமில்லை, நான் இப்போது ரிட்டையர்டு.

திருத்தணி மலைக்கோயிலின் முடி காணிக்கை மண்டபத்தில் புதிதாக உட்கார வந்திருக்கும் தம்பிகளுக்காக இதை எழுதுகிறேன். ஐம்பத்து நான்கு வயதில் ரிட்டையர்டு ஆவது கலெக்டருக்குக்கூடக் கிடைக்காத சலுகை. எனக்குக் கிடைத்தது. எப்படிக் கிடைத்தது என்பதுதான் கதை.

தலையை எப்படி நனைப்பது, சுழியில் பிளேடை எந்தப் பக்கம் திருப்புவது, அழுகிற பிள்ளையின் காதோரம் எப்படிப் போய் வருவது என்றெல்லாம் நான் சொல்லப்போவதில்லை. உங்கள் விரல்கள் அதைத் தாமாகவே கற்றுக்கொள்ளும். நடுவில் நான் பேசினால் அவற்றுக்குக் குழப்பம். நான் சொல்ல வந்தது மணிக்கட்டைப் பற்றி. போன கிருத்திகைக்குச் சாமி கும்பிட மேலே வந்தபோது, உங்களில் இரண்டு பேர் மணிக்கட்டில் பட்டை மாட்டிக்கொண்டு, அது தெரியாமலிருக்கச் சட்டைக் கையை இழுத்து விட்டிருந்ததைப் பார்த்தேன். நம் தொழிலில் கை வலிக்கிறது என்று சொல்வதும், சமையல்காரர் தன் நாக்குக்கு ருசி தெரியவில்லை என்று சொல்வதும் ஒன்று. யாரும் சொல்ல மாட்டோம். நானும் சொல்லவில்லை.

நான் விழுந்தது ஒரு விடியற்காலையில்.

உங்களுக்கே தெரியும், அந்த நேரத்தில் மண்டபம் பாதி கனவு மாதிரி இருக்கும். வேனிலும் பஸ்ஸிலும் வந்து இறங்கியவர்கள் தூக்கம் கலையாமலே நம் முன்னால் வந்து உட்காருவார்கள். கீழே ஊர் பனிக்குள் கிடக்கும். அரக்கோணம் பக்கம் போகிற ரயிலின் சத்தம் மட்டும் மேலே ஏறி வரும். ஈரத்தலை நம் உள்ளங்கையில் கனக்கும். விடியற்காலைத் தலைகளுக்கென்று தனியாக ஒரு கனம் உண்டு. தூக்கம் இன்னும் வடிந்திருக்காது. பெயர் தெரியாது, ஊர் தெரியாது. ஆனாலும் அந்தக் கொஞ்ச நேரத்துக்கு அந்த ஆளின் மொத்தக் கவலையும் நம் கையில் சாய்ந்துகொண்டிருக்கும். அந்த வேலையை நான் விரும்பியதே அந்த நேரத்துக்காகத்தான்.

அன்றைக்கு என் பக்கத்து இடத்துக்காரன் முனிரத்தினத்துக்கு ஒரு கதை சொல்லிக்கொண்டிருந்தேன். முந்தின நாள் ஒருவர் வந்து உட்கார்ந்தார். நான் தண்ணீரைக் கையில் எடுத்ததும், விக்கைக் கழற்றி என் மடியில் வைத்துவிட்டு, "இதுவும் முடிதாங்களே, காணிக்கையில சேருமா?" என்று கேட்டார். உள்ளே தலை பளிங்கு. அவர் எழுந்து போன மிடுக்கை நடித்துக் காட்டுவதற்காக, முனிரத்தினத்தின் முகத்தைப் பார்த்தபடியே பின்பக்கமாக நடந்தேன். தரையில் தண்ணீர், முடி, யாரோ சிந்திய சந்தனம். கால் முன்னால் போனது, நான் பின்னால் போனேன், வலது கையை ஊன்றினேன். முறுக்கைக் கடிக்கிற மாதிரி ஒரு சத்தம் கேட்டது. முனிரத்தினம் கைதட்டிச் சிரித்தான். விழுந்ததும் நடிப்பில் சேர்த்தி என்று நினைத்திருக்கிறான்.

அரக்கோணம் சாலையில் ஓர் ஆஸ்பத்திரியில் மாவுக்கட்டு போட்டார்கள். கட்டோடு இருந்த நாட்களைச் சுகமான நாட்கள் என்றுதான் சொல்வேன். பஸ்ஸில் எழுந்து இடம் கொடுத்தார்கள். டீக்கடையில் பன்னைப் பிய்த்து டீயில் தொட்டுக் கொடுக்கக்கூட ஆள் இருந்தது. உள்ளே கொஞ்சம் எரிந்தது. மாவுக்கட்டுக்குள் வேர்க்கிறது போல என்று விட்டுவிட்டேன். கட்டைப் பிரித்ததும் டாக்டர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் தூக்கிக் காட்டி, "எலும்பு அழகா கூடியிருக்கு" என்றார். பார்த்தேன். அழகாகத்தான் இருந்தது.

அதற்குப் பிறகுதான் வலி தன் வேலையை ஆரம்பித்தது.

ஒடிந்தபோது வந்த வலி எனக்குப் புரிந்த வலி. இது வேறு மாதிரி. பச்சை மிளகாய் அரைத்த கையைக் கொண்டுபோய் அடுப்பில் காட்டின மாதிரி ஓர் எரிச்சல், மணிக்கட்டில் ஆரம்பித்து விரல்நுனி வரைக்கும். கை வீங்கிப் பளபளத்தது. காலையில் சிவப்பாக இருக்கும், சாயந்தரம் நாவல்பழ நிறத்துக்குப் போகும். சில நேரம் கொதிக்கும், சில நேரம் ஐஸ் பெட்டியில் வைத்து எடுத்த மாதிரி குளிரும். உடம்பு முழுக்கக் காய்ந்திருக்க, அந்த ஒரு கை மட்டும் வேர்க்கும். சட்டைத் துணி பட்டால் உயிர் போகும்.

என் மனைவி சரோஜா என் அத்தை மகள். சின்ன வயதிலிருந்து என்னை பாவா என்று கூப்பிட்டுப் பழகியவள். கல்யாணம் அந்தப் பழக்கத்தையும் மாற்றவில்லை, என்னிடம் அவளுக்கிருந்த மரியாதையையும் கூட்டவில்லை. பஸ் ஸ்டாண்டுப் பக்கம் இட்லிக் கடை வைத்திருக்கிறாள்.

"பாவா, ஃபேனு போடட்டுமா?"

"வேணாம்."

"ஏன், வேத்து ஊத்துது உனக்கு."

"காத்து கையில பட்டா எரியுது."

அவள் ஃபேனைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "காத்து எரியுமா? கட்டு போட்டுகினு இருந்தப்ப ஊரெல்லாம் சுத்திகினு இருந்தே. கட்டைப் பிரிச்சப்புறம் கல்யாணப் பொண்ணு மாதிரி மூலையில குந்திகினு இருக்கே. எலும்பு கூடிச்சுன்னு டாக்டரே சொல்லிட்டாரு. நீ இன்னா அவருக்கு மேல படிச்சவனா?"

முனிரத்தினம் வேறு கோணத்தில் வந்தான். "நாலஞ்சு மாசத்துல ஆடிக் கிருத்திகை வருது நைனா. கூட்டத்தை நினைச்சாலே எனக்கும் கை வலிக்குது. நான் யாரு கிட்ட போய் சொல்றது?"

இந்த இடத்தில் எனக்கு ஒரு வழிதான் தெரியும். ஜோக் அடித்தேன். டாக்டரிடம் மறுபடி போனபோதும் அதையேதான் செய்தேன். "வலி எப்படி இருக்கு?" என்றார். "நல்லா இருக்குதுங்க, எனக்குத்தான் சொகமில்ல" என்றேன். அவர் சிரித்தார், நர்ஸ் சிரித்தார், மாத்திரை எழுதிக் கொடுத்தார். நிறம் மாறுகிறது, குளிர்கிறது, காற்று எரிகிறது என்று எதையும் சொல்லவில்லை. சொன்னால் பைத்தியம் என்பார்களோ என்று பயம். கையை முழுக்கைச் சட்டைக்குள் மறைத்துக்கொண்டு வெளியே வந்தேன். சட்டைத் துணி எரித்தது.

நாட்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு போயின. தூக்கம் வராது, முழிப்பும் சரியாக வராது. மலையடிவாரத்தில் சரவணப் பொய்கைக் கரையில் போய் உட்கார்ந்திருப்பேன். மடியில் ஈரத்துணி, அதற்குள் கை. யாரோ கொஞ்ச நேரம் வைத்திருக்கச் சொல்லிக் கொடுத்துவிட்டுப் போன பொருள் மாதிரி அது என் மடியில் இருக்கும். கண்ணை மூடிக்கொண்டால் அதன் அளவு தெரியாது. ஒரு நேரம் பூசணிக்காய் அளவு தோன்றும், ஒரு நேரம் இல்லவே இல்லை போலத் தோன்றும். அசை என்று நினைத்தால் அசையாது; உற்றுப் பார்த்து, மனதுக்குள் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் ஒரு விரல் சோம்பல் முறிக்கும். படியேறிப் போகிறவர்களின் அரோகரா சத்தம் தண்ணீர்மேல் மிதந்து வரும். அந்தச் சத்தத்திலேயே கரைந்து, கையை மட்டும் கரையில் விட்டுவிட்டு, எங்கேயாவது போய்விடலாம் போல இருக்கும்.

அப்படி உட்கார்ந்திருந்த ஒரு காலையில்தான் வெயிலில் அதைப் பார்த்தேன். வலது புறங்கையில் முடி. கறுப்பாக, நீளமாக, அடர்த்தியாக. இடது கையைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். அது எப்போதும்போல வழித்துவிட்ட தோசைக்கல். வலது கையோ ஆட்டுக்குட்டி. நகங்களும் வேகமாக வளர்ந்து தடித்திருந்தன.

வேறு யாராவது இருந்தால் டாக்டரிடம் ஓடியிருப்பார்கள். ஒரு வாத்தியாரோ கண்டக்டரோ முடியைப் பார்த்து முடி என்றுதான் நினைத்திருப்பார். நான் காலமெல்லாம் முடியெடுத்தவன். எனக்கு முடி என்றால் வேண்டுதல். ஜனங்கள் மலையேறி வந்து முடியை மட்டுமா இறக்கி வைக்கிறார்கள்? காய்ச்சலை, கோர்ட்டு கேஸை, பிள்ளையில்லாத குறையை, புருஷனின் குடியை எல்லாம் சேர்த்துத்தான் இறக்குகிறார்கள். முடி சாமிக்குப் போகிறது. கஷ்டம் எங்கே போகிறது? நடுவில் இருந்தது யார் கை? கணக்கு எவ்வளவு சுத்தமாக வந்தது பாருங்கள். இறக்கி வைத்த கஷ்டமெல்லாம் வழியில் என் கையில் தங்கிவிட்டது, அதுதான் எரிகிறது, அதற்குச் சாட்சியாக முடியும் திரும்பி வருகிறது.

இந்த அளவோடு நிறுத்தியிருந்தால்கூடப் பரவாயில்லை. முடிகளை அடையாளம் காணவும் ஆரம்பித்தேன். நடுவில் தெரிந்த இந்த ஒற்றை நரைமுடி மணவூர்ப் பெரியவருடையது. இந்தச் சுருட்டை முடி, கனகம்மாசத்திரத்திலிருந்து வந்து ஒரு வார்த்தை பேசாமல் முடி கொடுத்துவிட்டுப் போன அந்தப் பெண்ணுடையது. ஒவ்வொன்றாகத் தொடாமல் எண்ணிப் பார்த்து, அந்தந்த முகத்தை நினைத்து, அவர்களுக்கு என்ன கஷ்டம் இருந்திருக்கும் என்று பொய்கைக் கரையில் மணிக்கணக்கில் கனாக் கண்டேன். சில முகங்களுக்காக அழுதும் இருக்கிறேன். என் புறங்கை முடிக்காக.

அப்புறம் தொழில்புத்தி வந்தது. முடி இருந்தால் எடுத்துவிட வேண்டியதுதானே. சரோஜாவின் கடை வாசலில் உட்கார்ந்து, இடது கையில் பிளேடைப் பிடித்து வலது புறங்கையில் ஓர் இழுப்பு இழுத்தேன். அதை எழுத எனக்குத் தெரிந்த தமிழ் போதாது. கடைக்குள்ளிருந்து சரோஜா கரண்டியோடு ஓடி வந்ததிலிருந்து நான் போட்ட சத்தத்தை நீங்கள் ஊகித்துக்கொள்ளுங்கள். சாயந்தரத்துக்குள் கை வீங்கி நீலம் பாரித்தது. முருகன் கோபித்துக்கொண்டான் என்று முடிவு செய்தேன். மறுநாளே மலையேறிப் போய் முனிரத்தினத்தின் முன்னால் உட்கார்ந்தேன்.

"இன்னா நைனா, நீ இன்னாத்துக்கு உக்கார்றே?"

"மொட்டை போடு."

"வேண்டுதலா?"

"ஆங்."

"எதுக்கு?"

அவன் தலையை நனைக்க நனைக்க, நான் மெதுவாக எல்லாவற்றையும் சொன்னேன். முடி திரும்பி வருவது, கஷ்டம் கையில் தங்கியது, மணவூர்ப் பெரியவர், எல்லாம். அவன் கை நின்றது. வந்து என் முகத்துக்கு நேராகக் குந்தினான்.

"உன் பக்கத்துலதானே இத்தினி வருசமா நானும் உக்காந்துகினு இருக்கேன்?"

"ஆமா."

"உன்னைவிட நான் வேகமா முடி எடுக்கறவன். ஊரே சொல்லும்."

"அதுக்கின்னா இப்ப?"

"என் கையைப் பாரு." நீட்டினான். வழவழவென்று இருந்தது. "எனக்கு ஏன் முளைக்கல? சாமி என்னாண்ட மட்டும் கணக்கை மறந்துட்டாரா?"

என் சித்தாந்தம் அந்த இடத்திலேயே சரிந்தது. அதோடு அவன் விட்டிருக்கலாம். முதல்முறையாக என் கையைத் துணி விலக்கிப் பார்த்தான். சிரிப்புப் போய்விட்டது.

"இது இன்னாபா இந்தக் கலர்ல இருக்குது? டாக்டரு கிட்ட காமிச்சியா?"

"வலிக்குதுன்னு சொன்னேன்."

"இதைக் காமிச்சியா?"

"ஜோக் சொன்னேன். சிரிச்சாரு."

முனிரத்தினம் கெட்ட வார்த்தை ஒன்று சொன்னான். மண்டபத்தில் அப்படிப் பேசக்கூடாது. பிறகு மொட்டையை முடித்துவிட்டு, சந்தனம்கூடத் தடவாமல் அப்படியே கீழே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனான். வெளியே நின்று, "நீ இன்னைக்கு ஒரு ஜோக்கு சொன்னேன்னு தெரிஞ்சுது, ஒடியாத கையையும் ஒடிச்சிடுவேன்" என்று சொல்லி அனுப்பினான்.

டாக்டர் இரண்டு கைகளையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைக்கச் சொன்னார். தொடவில்லை. வெகுநேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். பஞ்சை எடுத்துக் காட்டினதுமே நான் கையை இழுத்துக்கொண்டேன்.

"இதை ஏன் போன தடவையே சொல்லல?"

நான் வாயைத் திறக்கவில்லை. எனக்கு அது புது அனுபவம்.

"ஒடிஞ்சப்ப நரம்பு கத்த ஆரம்பிச்சுது" என்றார். "எலும்பு கூடிடுச்சு. நரம்புக்கு அந்தச் சேதி இன்னும் போய்ச் சேரல. அது பாட்டுக்குக் கத்திக்கிட்டே இருக்கு. மணிக்கட்டு ஒடிஞ்சவங்கள்ல சில பேருக்கு இப்படி வரும். நிறம் மாறுறது, வீங்குறது, வேர்க்குறது, சூடு, குளிர், நகம் எல்லாம் அதோட சேர்ந்ததுதான்."

"முடிங்க?"

"முடியும்தான்."

நான் மொட்டைத் தலையைத் தடவிக்கொண்டேன். அந்த நோய்க்கு இங்கிலீஷில் நீளமாக ஒரு பெயர் சொன்னார். எனக்கு அது முக்கியமாகப் படவில்லை. அதற்கு ஒரு பெயர் இருக்கிறது என்பதே போதுமாக இருந்தது. எனக்கு முன்னால் யாருக்கோ வந்திருக்கிறது, அவர்களும் ஃபேனை நிறுத்தச் சொல்லியிருக்கிறார்கள்.

"நடிக்கிறேன்னு வீட்டுல சொல்றாங்கங்க."

"நடிச்சா நிறம் மாத்த முடியுமா? நிஜமான வலி. ஆனா நீங்க பண்ண பெரிய தப்பு, கையைத் துணியில சுத்தி மடியில வச்சிக்கிட்டது. அசைக்க அசைக்கத்தான் அது அடங்கும்."

"சரியாப் போயிடுங்களா?"

"நிறையப் பேருக்கு நல்லா குறையும். சில பேருக்கு மிச்சம் நிக்கும். உங்களுக்கு எப்படின்னு இன்னைக்கு என்னால சொல்ல முடியாது."

"பிளேடு பிடிப்பேனாங்க?"

"அதையும் சொல்ல முடியாது."

தம்பிகளே, பட்டை மாட்டியவர்களே, உங்களுக்கு இருப்பது இந்த நோய் என்று நான் சொல்லவில்லை. குனிந்து குனிந்து வேலை செய்கிறவனுக்கு ஆயிரம் வலி வரும். நான் சொல்வது இவ்வளவுதான்: டாக்டர் முன்னால் உட்கார்ந்தால், பைத்தியக்காரத்தனமாகத் தோன்றுவதைத்தான் முதலில் சொல்லுங்கள். காற்று எரிகிறது என்றால் காற்று எரிகிறது என்று சொல்லுங்கள். சிரிக்க வைத்தால் அவர் உங்கள் முகத்தைப் பார்ப்பார். கையைப் பார்க்க மாட்டார்.

மருந்தோடு பிசியோதெரபியும் எழுதிக் கொடுத்தார். ஆஸ்பத்திரியில் அதைச் செய்துவிட்ட பெண் கலைவாணி, அம்மையார்குப்பத்தில் தறி ஓட்டுகிற குடும்பம். ஒரு பை நிறைய நூல் கொண்டு வருவாள். பட்டு நூல், பருத்தி நூல், முறுக்கின நூல், கடைசியில் ஒரு முரட்டுத் துண்டு. முதல் நாள் பட்டு நூலை என் புறங்கைமேல் வைத்ததும் நான் நாற்காலியோடு பின்னால் போனேன்.

"பட்டுக்குப் பயந்தவரை இப்பத்தாண்ணா பாக்கறேன்."

"பயமில்லம்மா. எரியுது."

"எரியட்டும். தொடற வரைக்கும்தான் கணக்கு. அழுத்த வேணாம். நாளைக்கும் இதே நூலு."

நாளைக்கும் அதே நூல்தான் வந்தது, அதற்கு மறுநாளும். பட்டிலிருந்து பருத்திக்குப் போக ஒரு மாதமாயிற்று. பிறகு ஒரு நாள், "வீட்ல கண்ணாடி இருக்குதாண்ணா?" என்றாள். முடிவெட்டுகிறவன் வீட்டில் கண்ணாடியைக் கேட்கிறாள். பெரியதாக ஒன்றைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். மேசையில் அதைக் குறுக்காக நிறுத்தி, என் வலது கையைக் கண்ணாடிக்குப் பின்னால் மறைத்தாள். இடது கை முன்னால்.

"இடது கையை ஆட்டிகினே கண்ணாடியைப் பாருங்க."

பார்த்தேன். கண்ணாடிக்குள் என் வலது கை இருந்தது. வீக்கம் இல்லை, நீலம் இல்லை. விரல்களை மடக்கியது, விரித்தது. ஒரு வலியும் இல்லை. அது என் பழைய கை. மலையில் விடியற்காலைத் தலைகளைத் தாங்கிய கை. எங்கேயோ போய்விட்டுக் கண்ணாடிக்குள் வழி தவறி உட்கார்ந்திருக்கிறது. கலைவாணி என் இடது கையில் பிளேடு இல்லாத வெறும் பிடியைக் கொடுத்தாள். கண்ணாடிக்குள் வலது கை அதை வாங்கிக்கொண்டது. காற்றில் நெற்றியிலிருந்து உச்சிக்கு ஓர் இழுப்பு, உச்சியிலிருந்து பிடரிக்கு ஓர் இழுப்பு. அறையில் ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது. வெளியே பஸ் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது. நான் யாருமில்லாத தலைகளுக்கு மொட்டை போட்டுக்கொண்டே இருந்தேன். கண்ணாடிக்குப் பின்னால், பார்வைக்கு மறைவில், எரிகிற கையின் விரல்களும் லேசாகக் கூடவே அசைந்தன. அதை நான் சொல்லவில்லை. அவள் பார்த்துவிட்டாள்.

"ஆங், அதேதான்" என்றாள். "அதுக்கு இப்பத்தான் சேதி போகுது."

பிறகு பலூன். பலூனில் சோப்பு நுரை தடவி, வலது கைப் பிளேடால் உடையாமல் வழித்தெடுக்க வேண்டும். உங்களுக்கும் அப்படித்தான் பழக்கியிருப்பார்கள். வீட்டில் நாளெல்லாம் பட்டாசுச் சத்தம். யாருக்குப் பிறந்தநாள் என்று தெருவில் விசாரித்தார்கள். "எங்க பாவாவுக்கு. தினமும் பொறந்துகினே இருக்கறாரு" என்றாள் சரோஜா. ஃபேனை இப்போது அவளே நிறுத்திவிடுவாள், கேட்காமலே. ஒரு நாள் ஒரு பலூனும் உடையவில்லை. மறுநாளும் உடையவில்லை. ஆடிக் கிருத்திகை வந்தது. நான் கிளம்பிவிட்டேன்.

"பலூனு அசையாதுண்ணா" என்றாள் கலைவாணி. "இன்னும் கொஞ்ச நாள் பொறுங்க."

பொறுக்கவில்லை. அன்றைக்கு மலை எப்படியிருக்கும் என்று உங்களுக்கே தெரியும். படி தெரியாமல் காவடி. மண்டபத்தில் நிற்க இடமில்லை. என் பழைய இடத்தில் உட்கார்ந்தேன். முனிரத்தினம் தண்ணீர் மக்கை என் பக்கம் நகர்த்தினான். முதல் தலை போயிற்று. இரண்டாவது போயிற்று. கை எரிந்தது, ஆனால் சொன்னதைக் கேட்டது. கண்ணாடிக்குள்ளிருந்து வெளியே வந்துவிட்டது என்று நினைத்தேன். சந்தோஷத்தில் எனக்குத் தலை லேசாகச் சுற்றியது.

அப்புறம் ஒரு தாய்மாமன் குழந்தையோடு உட்கார்ந்தான். முதல் மொட்டை. குழந்தை அழுது அழுது ஓய்ந்து, தண்ணீர் பட்டதும் அவன் மடியிலேயே தூங்கிவிட்டது. இத்தனை வருடத்தில் முதல் மொட்டைக்குத் தூங்கிய பிள்ளைகளை நான் அதிகம் பார்த்ததில்லை. மண்டபமே கத்திக்கொண்டிருக்கிறது. அந்தத் தலை மட்டும் என் இடது உள்ளங்கையில் ஒரு பழம் மாதிரி அமைதியாக இருக்கிறது. சுருள்சுருளாக முடி விழுந்தது. ஒரு பாதி முடிந்து உச்சிக்கு வந்தேன். உங்களுக்குத் தெரியும், அந்த வயதில் உச்சி இன்னும் மெத்தென்று இருக்கும், தோலுக்கடியில் துடிக்கும்.

பக்கத்தில் யாரோ மக்கைக் கவிழ்த்தார்கள். குளிர்ந்த தண்ணீர் என் வலது மணிக்கட்டில் விழுந்தது.

எரிச்சல் தோள் வரைக்கும் ஏறியது. விரல்கள் பிடியின்மேல் பூட்டிக்கொண்டன. பிளேடு அந்தத் துடிப்புக்கு மேலே ஒரு விரல் உயரத்தில் நின்றது. எப்படி மேலே எடுத்தேன் என்று தெரியவில்லை, எடுத்துவிட்டேன். எடுத்த கை நடுங்கியது.

அப்போது என் மூளை செய்த வேலையைக் கேளுங்கள். முதலில் முருகனைக் கூப்பிட்டது. அடுத்து பிளேடு மழுங்கிவிட்டது என்று சொல்லச் சொன்னது. அடுத்து மயக்கம் போட்டு விழுந்துவிடலாம் என்றது. அது மரியாதையான வழி என்றும் சொன்னது. கடைசியாக ஒன்று சொன்னது, அதுதான் ஆபத்தான குரல்: பிள்ளை தூங்குகிறது, அசையாது, பலூன் மாதிரிதான், மெதுவாக முடித்துவிடு, யாருக்கும் தெரியாது. அந்தக் குரல் அவ்வளவு இதமாக இருந்தது. பாதித் தலையை விட்டு எழுந்தால் இந்த மண்டபத்தில் எனக்கு இனிமேல் இடமில்லை என்று எனக்குத் தெரியும். முடித்துவிட்டால் நான் பழைய ஆள்.

பெருவிரல் இன்னும் நடுங்கிக்கொண்டிருந்தது. அதையே பார்த்தேன்.

"இன்னாங்க பெரியவரே, நின்னுட்டீங்க? தூங்கறான், சீக்கிரம் முடிங்க" என்றான் மாமன்.

"தம்பி, என் கை நின்னு போச்சு. ஒடிஞ்ச கை. இனிமே இந்தத் தலையில நான் பிளேடு வைக்க மாட்டேன்."

"பாதியிலயா? இன்னாங்க இது, எங்க அக்கா பாத்தா அழும். மொத மொட்டைங்க இது."

"பாதித் தலையைப் பாத்து அழட்டும் தம்பி. ரத்தத்தைப் பாத்து அழ வேணாம்."

பின்னால் நின்றவர்கள் பேச ஆரம்பித்தார்கள். "கை ஆகாதவரு இன்னாத்துக்கு உக்கார்றாரு?" என்றது ஒரு குரல். சரியான கேள்வி. முனிரத்தினத்தின் முன்னால் ஒரு தலை பாதியில் இருந்தது. அது முடிகிற வரைக்கும் காத்திருக்க வேண்டியதாயிற்று. பிளேடைக் கழற்றிப் போட்டேன். பிள்ளையின் தலைக்கடியில் இருந்த என் இடது கையை எடுக்கவில்லை. எடுத்தால் முழித்துக்கொள்ளும். மாமன் என்னை முறைத்துக்கொண்டே இருந்தான். கொஞ்ச நேரத்தில் முறைப்பது அலுத்து, என் வலது கையைப் பார்த்தான். அது அதற்குள் நாவல்பழ நிறத்துக்கு வந்திருந்தது. கூட்டத்தின் சத்தத்துக்கு நடுவில் நாங்கள் இரண்டு பேரும் ஒரு தூங்குகிற தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.

முனிரத்தினம் தன் இடத்திலிருந்து நகர்ந்து வந்து, புதுப் பிளேடு மாட்டினான். முதல் இழுப்பிலேயே பிள்ளை முழித்துக்கொண்டு மலை அதிரக் கத்தியது.

அதன் பிறகு நான் மண்டபத்தில் உட்காரவில்லை. டாக்டர் வேண்டாம் என்று சொல்லவில்லை, மண்டபத்திலும் யாரும் போகச் சொல்லவில்லை. நூலும் கண்ணாடியும் இன்னும் ஒரு வருடத்துக்கு மேல் நடந்தன. வீக்கம் போயிற்று, நிறம் பெரும்பாலும் திரும்பிவிட்டது. வலது கையால் சோறு பிசைகிறேன், பொத்தான் போடுகிறேன், சரோஜாவின் கடையில் சட்னி ஊற்றுகிறேன். குளிர்ந்த தண்ணீர் பட்டால் எரிகிறது. வலி குறைந்தது, போகவில்லை. அந்தப் பிள்ளையின் தலையில் வலது பாதி நான் எடுத்தது, இடது பாதி முனிரத்தினம் எடுத்தது. எங்கேயும் ஒரு கீறல் இல்லை.